லப்டொப்பில் 41-உம் பச்சை, க்ளவுட்டில் 17 சிவப்பு: பிழை எங்கே?

வெற்றிலைக்கொடி · திங்கள், இரவு 10.12

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்புக் களுதாவளையிலிருந்து எழுதுகிறேன். மருதமுனைக் கைத்தறிச் சாறி விற்கிற ஒரு கடைக்குத் தளம் செய்து கொடுத்திருக்கிறேன். பைதனில், செலினியத்தை (ப்ரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கிற கருவி) வைத்து 41 டெஸ்ட் எழுதியிருக்கிறேன். என் லப்டொப்பில் ஓட்டினால் நாலு நிமிடத்தில் 41-உம் பாஸ்.

போன வாரம் கடைக்காரர் போன் எடுத்தார். "தம்பி, சில பேருக்கு ஐபோனில ஓடர் பொத்தானை அமத்தினா ஒண்டும் நடக்குதில்லையாம்." என்னிடம் ஐபோனும் இல்லை, மெக்கும் இல்லை. சஃபாரியை விண்டோஸில் ஓட்டவும் வழி இல்லை. அதனால் ஒரு க்ளவுட் ப்ரவுசர் தளத்தில் (தூரத்து மெஷினிலும் போனிலும் இருக்கிற ப்ரவுசரை இணையம் வழியாக ஓட்டத் தருகிற சேவை) இலவசக் கணக்கு எடுத்தேன். தளத்தின் பெயர் வேண்டாம், பிழை என்னுடையதாகவும் இருக்கலாம்.

கோடில் மாற்றியது இரண்டே இடம். உள்ளூர் டிரைவரை (ப்ரவுசரை இயக்குகிற நிரல்) எடுத்துவிட்டு ரிமோட் டிரைவரும் ஹப் (க்ளவுட் தளத்தின் வாசல்) முகவரியும் போட்டேன். எந்த ப்ரவுசர், எந்த வேர்ஷன், எந்த இயங்குதளம் என்று கேப்பபிலிட்டீஸில் சொன்னேன். லப்டொப்பில் டெஸ்ட் திறப்பது என் மெஷினில் இருக்கிற பிரதி, க்ளவுட்டில் திறப்பது ஸ்டேஜிங் (வெளியிடுமுன் பார்க்க இணையத்தில் வைத்த பிரதி). ஐபோனுக்குப் போகுமுன் சும்மா பார்ப்போம் என்று விண்டோஸ் க்ரோமில் ஓட்டினேன். நான் வைத்திருக்கிற அதே க்ரோம்.

17 சிவப்பு. ஓடி முடிய 38 நிமிடம். மறுநாள் இரவு 14. அதற்கடுத்த இரவு 19. ஒரே கோட், ஒரே ப்ரவுசர். கோடைக் கீழே ஒட்டுகிறேன், யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

வாவிமீன் · திங்கள், இரவு 10.19

தம்பி, மற்றதெல்லாம் பிறகு. நீ ஒட்டின கோடில் உன் பெயரும் அக்ஸஸ் கீயும் அப்படியே கிடக்கு. முதலில் அதை அழி. அழித்தால் மட்டும் போதாது, க்ளவுட் தளத்துக்குள் போய்ப் புதுக் கீ எடு. இந்த ஏழு நிமிடத்தில் யார் பார்த்தார்களோ தெரியாது.

வெற்றிலைக்கொடி · திங்கள், இரவு 10.26

ஐயோ. மாற்றிவிட்டேன் அக்கா. இனி கோடுக்கு வெளியே, என்வயர்ன்மென்ட் வேரியபிளில்தான் வைப்பேன்.

படுவான்கரை · திங்கள், இரவு 10.41

நான் எப்பவும் சொல்கிறதையே சொல்கிறேன். இதற்கெல்லாம் எதற்கு வெளியில் காசு கட்ட வேண்டும்? டொக்கரில் செலினியம் கிரிட் (பல ப்ரவுசரை ஒரே இடத்திலிருந்து ஓட்டுகிற கருவி) போட்டால் க்ரோம், ஃபயர்பொக்ஸ், எட்ஜ் மூன்றும் வீட்டு மெஷினிலேயே ஓடும். இலவசக் கணக்கு முடிந்ததும் டொலரில் மாதச் சந்தா வரும், அப்போது விளங்கும். 2022-இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360-க்கு ஏறினபோது நான் வேலை செய்த இடத்தில் முதலில் வெட்டுப்பட்டது இந்தச் சந்தாதான்.

ஒலுவில் காக்கா · திங்கள், இரவு 11.05

கிரிட் நல்லது, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் தம்பி கேட்கிறது ஐபோன். உங்கள் டொக்கரில் சஃபாரி எங்கிருந்து வரும்? சஃபாரி டிரைவர் ஆப்பிள் மெஷினுக்கு வெளியே ஓடாது. ப்ளேரைட் என்ற இன்னொரு டெஸ்ட் கருவியில் வெப்கிட் (சஃபாரியின் உள் எஞ்சின்) இருக்கு, அதை விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓட்டலாம். ஆனால் அது சஃபாரியின் உறவுக்காரன், சஃபாரி இல்லை. ஐந்து வருடத்துக்கு முந்திய ஐபோனில் என்ன நடக்கும் என்று அது சொல்லாது.

சந்தாவுக்குப் பயந்தும் விட வேண்டாம். ஒரு தளத்துக்கு எழுதினதை இன்னொரு தளத்துக்குக் கொண்டுபோக முகவரியும் நாலைந்து வரி கேப்பபிலிட்டீஸும் மாற்றினால் போதும். ப்ரவுசருக்குக் கட்டளை அனுப்புகிற வெப்டிரைவர் முறை 2018-இல் டபிள்யூ3சி (இணையத் தர அமைப்பு) தரமாகிவிட்டது, எல்லோரும் அதே பாஷையில்தான் பேசுகிறார்கள்.

ஒரு பழைய பகிடி. 2004-இல் ஷிகாகோவில் தோட்வொர்க்ஸ் கம்பனியில் ஜேசன் ஹக்கின்ஸ் செலினியத்தைத் தொடங்கினபோது, இந்தத் துறையில் பெரிய ஆள் மெர்க்குரி என்ற கம்பனி. மெர்க்குரி என்றால் பாதரசம், பாதரச நஞ்சுக்கு முறிவு செலினியம் என்று பேச்சு. அப்படி வந்த பெயர்தான். அதே ஆள்தான் 2008-இல் சோஸ் லாப்ஸ் என்ற க்ளவுட் ப்ரவுசர் கம்பனியைத் தொடங்கினவர்களில் ஒருவர். அதே மாதிரிக் கம்பனி ப்ரவுசர்ஸ்டாக் 2011-இல் மும்பையில் வந்தது.

வாவிமீன் · திங்கள், இரவு 11.20

பகிடியை நாளைக்கு வைப்போம் காக்கா, பிள்ளை முழித்துக்கொண்டிருக்கு.

தம்பி, நாலு கேள்வி. கோடில் எத்தனை ஸ்லீப் (இத்தனை விநாடி சும்மா நில் என்கிற வரி) இருக்கு? க்ளவுட் தளத்தில் எந்த நாட்டு டேட்டா சென்டர்? எத்தனை மணிக்கு ஓட்டுகிறாய்? மூன்று இரவும் விழுந்தவை எவை, ஒரு இரவு விழுந்து மறு இரவு எழும்பினவை எவை? கடைசிக் கேள்விக்கு ஒரு தாளில் எழுதிப் பார். உன் மூன்று எண்ணையும் ஒன்றாகப் பார்க்கிறபோது இது ஒரு வியாதி மாதிரித் தெரியவில்லை.

வெற்றிலைக்கொடி · செவ்வாய், காலை 7.50

எழுதிப் பார்த்தேன் அக்கா. மூன்று இரவும் விழுந்தவை 8. மிச்சம் நாளுக்கு நாள் மாறுகிறது: 9, 6, 11.

ஸ்லீப் 23 இடத்தில் இருக்கு (வெட்கமாக இருக்கு). டேட்டா சென்டர் நான் எதுவும் மாற்றவில்லை, அமெரிக்கா என்று போட்டிருக்கு. ஓட்டுகிறது இரவு பன்னிரண்டரைக்கு. விழுந்த டெஸ்டின் வீடியோவெல்லாம் இறக்கிப் பார்க்க வேண்டும், நைட் டேட்டா அப்போதுதான் தொடங்கும்.

ஒலுவில் காக்கா · செவ்வாய், காலை 9.15

மாறுகிற கூட்டத்தை நான் எடுக்கிறேன், மாறாத எட்டை வாவிமீன் பார்க்கட்டும்.

லப்டொப்பில் உன் கோடும் ப்ரவுசரும் ஒரே வீட்டில் இருக்கு. க்ளவுட்டில் கோட் களுதாவளையில், ப்ரவுசர் அமெரிக்காவில். 'இந்தப் பொத்தானைத் தேடு' என்பது ஒரு எச்டிடிபி கோரிக்கை. 'அமத்து' இன்னொன்று. 'அதன் எழுத்து என்ன' இன்னொன்று. ஒவ்வொன்றும் கடல் தாண்டிப் போய்ப் பதிலோடு திரும்ப வேண்டும். ஹப்புக்கு எவ்வளவு நேரம் எடுக்குது என்று அளந்து பார். 270 மில்லி விநாடி என்று வைத்தால், 120 கட்டளை உள்ள ஒரு டெஸ்டில் போய்வருகிற நேரம் மட்டும் 32 விநாடி. மெஷின் மெதுவில்லை தம்பி, வழி நீளம்.

உன் கோடில் இரண்டு இடம் கண்ணில் பட்டது. ஊர்ப் பட்டியலைச் சோதிக்கிற டெஸ்ட்களில் 60 ஊரையும் ஒவ்வொன்றாக எடுத்து எழுத்தை வாசிக்கிறாய். அது 60 பயணம், 16 விநாடி. ஒரே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் வரியில் அறுபதையும் ஒன்றாகக் கேட்டு வாங்கு, ஒரு பயணத்தோடு முடியும்.

மற்றது, 'கூடையில் சேர்ந்தது' என்று மேலே வந்து மறைகிற பெட்டி. அது எத்தனை விநாடி நிற்கும்?

வெற்றிலைக்கொடி · செவ்வாய், காலை 9.31

2 விநாடி காக்கா.

ஒலுவில் காக்கா · செவ்வாய், காலை 9.48

அதற்கு முன்னால் நீ 2 விநாடி ஸ்லீப் போட்டிருக்கிறாய். லப்டொப்பில் ஒரு மயிரிழையில் தப்பிப் பிழைத்திருக்கு. க்ளவுட்டில் உன் ஆள் போய்ச் சேருகிறபோது பெட்டி மறைந்துவிடும். பஸ் போன பிறகு ஹோல்டிங்கில் நிற்கிற கதை.

23 ஸ்லீப்பையும் எடு. எதற்காகக் காத்திருக்கிறாயோ அதைப் பெயர் சொல்லிக் காத்திரு: இந்தப் பொத்தான் அமத்தக்கூடியதாகும் வரை, இந்தச் சுழலி மறையும் வரை. இப்படிப் பெயர் சொல்லிக் காத்திருக்கிற எக்ஸ்ப்ளிசிட் வெயிட் மட்டும் வை. எல்லாத் தேடலுக்கும் பொதுவாகப் போடுகிற இம்ப்ளிசிட் வெயிட்டையும் கூடச் சேர்த்தால் இரண்டும் ஒன்றோடொன்று சிக்கி, 10 விநாடியும் 15 விநாடியும் சேர்ந்து 20 ஆகிற மாதிரிக் கூத்தெல்லாம் நடக்கும். செலினியத்தின் கையேடே கலக்க வேண்டாம் என்கிறது.

பிறகு டேட்டா சென்டரை ஆசியப் பக்கம் மாற்ற முடியுமா பார்.

சம்மாந்துறைப் பொடியன் · செவ்வாய், பகல் 1.10

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் தளம் இன்னும் லோக்கல்ஹோஸ்டில், என் மெஷினுக்குள்தான் இருக்கு. க்ளவுட் ப்ரவுசரால் அதைத் திறக்க முடியுமா?

வாவிமீன் · செவ்வாய், பகல் 1.34

முடியும். டனல் என்று ஒரு சின்ன நிரலை உன் மெஷினில் ஓட விட வேண்டும், எல்லாத் தளங்களும் தருகின்றன. ஆனால் அந்தப் பக்கம் திறக்கிற ஒவ்வொரு படமும் உன் லைனிலிருந்து அப்லோட் ஆகும், அதை மறந்துவிடாதே. போன் டேட்டாவில் செய்தால் பெக்கேஜ் பின்னேரத்துக்குள் முடிந்துவிடும். கடவுச்சொல் போட்ட ஒரு ஸ்டேஜிங் செர்வர்தான் வசதி.

வாவிமீன் · செவ்வாய், இரவு 8.55

இப்போது மாறாத எட்டு. வீடியோவை எல்லாம் விட்டுவிட்டுப் பெயர்களை மட்டும் பார்த்தேன். ஐந்து, ஊர் தெரிவு செய்கிற டெஸ்ட். விழுந்த ஊர்கள்: கொக்கட்டிச்சோலை, கோட்டைமுனை, கொம்மாதுறை, பொத்துவில், திருக்கோவில். பாஸான ஊர்கள்: ஏறாவூர், காத்தான்குடி, வாழைச்சேனை, கல்முனை, ஒலுவில்.

மாவட்டப் பிரச்சினை இல்லை, இரண்டு பக்கத்திலும் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்ட ஊரும் இருக்கு. எழுத்தைப் பாருங்கள்.

படுவான்கரை · செவ்வாய், இரவு 9.02

எங்கட ஊரும் விழுந்ததா? அந்தத் தளத்துக்கு நல்ல காலம் இல்லை.

ஒலுவில் காக்கா · செவ்வாய், இரவு 9.20

ஆஹா. விழுந்த ஐந்திலும் கொம்பும் காலும் சேர்ந்த எழுத்து இருக்கு. கொ, கோ, பொ, சோ. ஒலுவிலுக்கு அது தேவையில்லை, 'ஒ' தனி எழுத்து. வாழைச்சேனையில் கொம்பு இருக்கு, கால் இல்லை.

வாவிமீன் · செவ்வாய், இரவு 9.41

அதேதான். தம்பி, ஒரு வேலை செய். ஸ்டேஜிங்கில் இருக்கிற 'கொக்கட்டிச்சோலை'யையும் உன் டெஸ்ட் கோப்பில் இருக்கிற 'கொக்கட்டிச்சோலை'யையும் எடுத்து, இரண்டின் நீளத்தையும் அச்சிட்டுக் காட்டு.

வெற்றிலைக்கொடி · செவ்வாய், இரவு 10.03

என் கோப்பில் 15. ஸ்டேஜிங்கில் 17!!

கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. எப்படி அக்கா?

வாவிமீன் · செவ்வாய், இரவு 10.30

யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். 'க'வுக்குப் பிறகு ஒகரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம். அல்லது 'க', பிறகு ஒற்றைக்கொம்பு, பிறகு கால் என்று தனித்தனியாகவும் போடலாம். திரையில் இரண்டும் ஒரே வடிவம். 'கோ', 'கௌ'வுக்கும் இதே கதை. கொக்கட்டிச்சோலையில் கொ ஒன்று, சோ ஒன்று. அதுதான் அந்த இரண்டு குறியீடு கூட.

ஸ்டேஜிங்கில் ஊர்ப் பட்டியலை ஏற்றினது யார்?

வெற்றிலைக்கொடி · செவ்வாய், இரவு 10.38

கடைக்காரர். லப்டொப்பில் இருக்கிற பட்டியல் நான் தட்டச்சிட்டது. ஸ்டேஜிங்குக்கு அவர் தன்னுடைய பழைய டெலிவரிப் பட்டியலைத் தந்தார். பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்ததாம், இணையத்தில் ஏதோ மாற்றியில் போட்டு யூனிகோட் ஆக்கினாராம்.

வாவிமீன் · செவ்வாய், இரவு 10.52

அவ்வளவுதான் விசயம். பாமினியில் கொம்பும் காலும் தனித்தனி விசை. கவனமில்லாமல் எழுதின மாற்றி அதே வரிசையில் தனித்தனியாகவே விட்டுவிடும்.

ஆக, இது க்ளவுட்டின் பிழையே இல்லை. லப்டொப்பில் ஸ்டேஜிங் முகவரியைக் கொடுத்து ஓட்டியிருந்தாலும் விழுந்திருக்கும். டெஸ்டில் ஒப்பிடுமுன் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி (ஒரே குறியீடாகச் சேர்த்த) வடிவத்துக்கு மாற்று, பைதனில் யூனிகோட்டேட்டாவில் இருக்கு. ஆனால் டெஸ்டை மட்டும் திருத்திவிட்டு விடாதே. தளத்தின் தேடல் பெட்டியில் ஒருவர் போனில் 'கோட்டைமுனை' என்று அடித்தால் இப்போது 'முடிவு இல்லை' என்றுதானே வரும்? டேட்டாபேஸிலேயே திருத்து.

வெற்றிலைக்கொடி · செவ்வாய், இரவு 11.06

அடித்துப் பார்த்தேன். முடிவு இல்லை என்றுதான் வருகிறது. இரண்டு மாதமாக இப்படியே இருந்திருக்கு.

ஒலுவில் காக்கா · புதன், காலை 6.40

மீதி மூன்றும் திகதி டெஸ்ட்தானே? 'இன்றைய ஓடர்' என்று தேடுகிறவை. உன் கோடில் 'இன்று' களுதாவளை மெஷினின் இன்று. பக்கத்தில் வருகிற 'இன்று' க்ளவுட் ப்ரவுசரின் இன்று, அந்த மெஷின் யுடிசி (உலகப் பொது) நேரத்தில் இருக்கும். நாங்கள் ஐந்தரை மணி நேரம் முந்தி. இரவு பன்னிரண்டரைக்கு இங்கே புதன், அங்கே இன்னும் செவ்வாய் பின்னேரம் ஏழு மணி. அதிகாலை ஐந்தரை வரைக்கும் விழுந்துகொண்டே இருக்கும்.

பகலில் ஒருக்கால் ஓட்டிப் பார், மூன்றும் எழும்பும். கேப்பபிலிட்டீஸில் நேர வலயத்தைக் கொழும்பு என்று போடலாம். அதற்கு முன் கடைக்காரரிடம் ஒன்று கேள்: துபாயில் இருக்கிற ஒரு பிள்ளை இங்கே உம்மாவுக்குச் சாறி ஓடர் பண்ணினால், ரசீதில் எந்த ஊர்த் திகதி வர வேண்டும்? அதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

படுவான்கரை · புதன், காலை 8.12

சரி, ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், கிரிட்டில் இந்தத் தூரப் பிரச்சினை வெளியில் வந்திருக்காது. எல்லாம் ஒரே வீட்டுக்குள் இருந்திருக்கும்.

ஆனால் எனக்கும் ஒரு பழைய கோபம் இருக்கு. நாங்கள் பாவித்த தளத்தில் டெஸ்ட் விழுந்தாலும் டாஷ்போர்டில் 'கம்ப்ளீட்டட்' என்றுதான் காட்டும். பொஸ் அதைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டிருந்தார், ஒரு மாதம். பிறகு, ஒன்றுமே ஓடாத நேரத்திலும் 'வரிசையில் காத்திருக்கிறது' என்று நிற்கும்.

வாவிமீன் · புதன், காலை 10.05

இரண்டும் எல்லோரும் விழுகிற குழி. உங்கள் அசெர்ட் (சரியா என்று பார்க்கிற வரி) விழுவது உங்கள் மெஷினில். க்ளவுட் தளத்துக்குத் தெரிந்தது ப்ரவுசர் திறந்தது, மூடியது, அவ்வளவுதான். பாஸா ஃபெயிலா என்று கடைசியில் நாங்கள்தான் ஒரு கட்டளை அனுப்பிச் சொல்ல வேண்டும்.

வரிசை நின்றது குவிட் (ப்ரவுசரை மூடு என்கிற கட்டளை) கூப்பிடாததால் இருக்கும். டெஸ்ட் நடுவில் உடைந்தால் குவிட் வரிக்குப் போகாமலே வெளியேறும், அந்த செஷன் (திறந்த ப்ரவுசர்) அங்கே சும்மா இருந்து ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். என்ன நடந்தாலும் குவிட் ஓடுகிற மாதிரி ஃபிக்ஸ்சரில் (டெஸ்டுக்கு முன்னும் பின்னும் ஓடுகிற கோட்) வைக்க வேண்டும். கட்டளை வராமல் 90 விநாடி போனால் சோஸ் லாப்ஸும் சரி ப்ரவுசர்ஸ்டாக்கும் சரி இயல்பாகவே செஷனை மூடிவிடும். பிரேக்பொயின்டில் நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனாலும் அதே கதிதான், நான் பட்டிருக்கிறேன்.

வெற்றிலைக்கொடி · வியாழன், இரவு 9.30

விண்டோஸ் க்ரோம்: 41-உம் பச்சை. ஆசியப் பக்கத்துக்கு மாற்றினேன், ஒரு பயணம் 270-இலிருந்து 80 மில்லி விநாடிக்கு வந்தது. ஸ்லீப் எல்லாம் எடுத்தாயிற்று. 38 நிமிடம் 11 ஆகியது. என் கணக்கில் ஒரே நேரத்தில் இரண்டு ஓட்டலாம், அப்படி ஓட்டினால் 6.

பிறகு ஐபோனில் ஓட்டினேன். அதிலும் 41 பச்சை! சந்தோசப்படுவதா என்று தெரியவில்லை. ஓடர் பொத்தான் வேலை செய்கிறது. அப்போது கடைக்காரருக்கு வந்த முறைப்பாடு?

சம்மாந்துறைப் பொடியன் · வியாழன், இரவு 9.37

எந்த ஐபோன் அண்ணா?

வெற்றிலைக்கொடி · வியாழன், இரவு 9.40

பட்டியலில் மேலே இருந்த புது மொடல்.

வாவிமீன் · வியாழன், இரவு 9.58

பொடியன் சரியான கேள்வி கேட்டிருக்கிறான். உன் கடைக்கு வருகிற ஆட்கள் பட்டியலின் மேலே இருக்கிற போனா வைத்திருக்கிறார்கள்? செர்வர் லொக்கில் யூசர் ஏஜன்டை (வந்தது என்ன போன், என்ன ப்ரவுசர் என்கிற வரி) பார், ஐபோன் என்று வருகிற வரிகளில் இயங்குதள எண் இருக்கும். கூடுதலாக வருவதை எடு, பழையதையும் எடு.

வெற்றிலைக்கொடி · வெள்ளி, இரவு 12.47

லொக்கில் ஐஓஎஸ் 15 என்று கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். கூடையில் சாறி போட்டு, ஓடர் பக்கம் வரை வந்து, அதோடு நின்றுவிட்டார்கள். ஒருவர் ஐந்து தரம் வந்திருக்கிறார்.

க்ளவுட்டில் ஐபோன் 7, உண்மையான போன், ஐஓஎஸ் 15 தெரிவு செய்து ஓட்டினேன். ஓடர் டெஸ்ட் எல்லாம் வரிசையாகச் சிவப்பு. வீடியோவில் பொத்தான் அமருவது தெரிகிறது, நிறமும் மாறுகிறது, பிறகு ஒன்றுமே இல்லை. கடைக்காரர் சொன்னதை அச்சொட்டாகப் பார்த்தேன். கன்சோல் லொக்கில் ஒரே ஒரு வரி: 'இன்வேலிட் க்ரூப் ஸ்பெசிஃபையர் நேம்'.

ஒலுவில் காக்கா · வெள்ளி, காலை 6.15

ரெஜெக்ஸில் (எழுத்துக் கோலம் தேடுகிற வரி) லுக்பிஹைண்ட் (முன்னால் என்ன இருக்கு என்று பார்க்கிற குறி) வைத்திருக்கிறாய். விலையில் கமா போட இணையத்தில் எடுத்த வரியா?

வெற்றிலைக்கொடி · வெள்ளி, காலை 7.02

ஓம் காக்கா. ஒரே ஒரு இடத்தில். ஓடர் பக்கத்தின் மொத்தத் தொகைக்கு.

ஒலுவில் காக்கா · வெள்ளி, காலை 7.30

சஃபாரி அதை 16.4-இல்தான் சேர்த்தது, 2023 மார்ச்சில். அதற்கு முந்திய சஃபாரி அந்த வரியை வாசிக்கிறபோதே பிழை என்று சொல்லி, கோப்பு முழுவதையும் தூக்கிப் போட்டுவிடும். அந்த வரி ஓட வேண்டும் என்றுகூட இல்லை, கோப்பில் இருந்தாலே போதும். அதனால்தான் கமாவுக்குச் சம்பந்தமில்லாத பொத்தானும் செத்தது. ஐபோன் 7-க்கு ஐஓஎஸ் 15-க்கு மேல் கிடையாது, அப்டேட் பண்ணுங்கள் என்று அவர்களிடம் சொல்லவும் முடியாது. ஐபோனில் க்ரோமைப் போட்டாலும் உள்ளே வெப்கிட்தான்.

ரெஜெக்ஸை எடுத்துவிட்டு, ப்ரவுசரில் ஏற்கெனவே இருக்கிற நம்பர் ஃபோர்மட்டைப் பாவி.

வெற்றிலைக்கொடி · வெள்ளி, பகல் 2.20

மாற்றினேன். ஐபோன் 7-இலும் பச்சை. கடைக்காரருக்குச் சொன்னேன், "அப்ப அந்த ஆக்களுக்கு நான் போன் எடுக்கிறன்" என்றார். முறைப்பாடு சொன்னவர்களின் நம்பரைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தாராம்.

புது ஐபோனைத் தினமும் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். ஐபோன் 7 ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓடும்.

படுவான்கரை · வெள்ளி, பின்னேரம் 5.45

ஒரு முக்கியமான கேள்வி. கொக்கட்டிச்சோலைக்கு டெலிவரி இருக்குதானே? மனிசி அந்தத் தளத்தில் ஒரு சாறி பார்த்து வைத்திருக்கிறா.

வெற்றிலைக்கொடி · வெள்ளி, பின்னேரம் 5.51

இருக்கு அண்ணா. இப்போது 15 எழுத்துத்தான்.